ஓய்வுப் பணத்தில் புதுக் கார் வாங்கலாமா, பழைய மாருதியையே வைத்திருக்கலாமா?

வாசகர் கேள்வி (சுருக்கமாக): கோவையில் பம்ப் செட் தயாரிக்கும் தனியார் நிறுவனம் ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். 31 ஆண்டு பணி முடிந்து வரும் ஜனவரியில் 58 வயதில் ஓய்வு பெறுகிறேன். பிஎஃப் தொகை சுமார் 33 லட்சமும், கிராஜுவிட்டி சுமார் 8 லட்சமும் வரும். வங்கி டெபாசிட் 6 லட்சம் இருக்கிறது. பிஎஃப் அலுவலக ஓய்வூதியம் மாதம் 4,700 ரூபாய் அளவில் இருக்கும் என்கிறார்கள். சொந்த வீடு, கடன் இல்லை. மகளுக்குத் திருமணமாகிவிட்டது; மகன் பெங்களூரில் வேலையில் இருக்கிறான். எனக்கும் மனைவிக்கும் மாதச் செலவு 32,000 ரூபாய். என்னிடம் 2004-ஆம் ஆண்டு மாருதி 800 ஒன்றும், அப்பா வாங்கிய 1995-ஆம் ஆண்டு ஆர்.எக்ஸ். 100 பைக் ஒன்றும் உள்ளன. கார் மாதம் 350 கிலோமீட்டர் ஓடுகிறது; கடந்த மூன்று ஆண்டுகளில் அதற்கான பழுதுச் செலவு முறையே 11,000, 26,000, 9,000 ரூபாய். இரண்டையும் விற்றுவிட்டு, ஓய்வுப் பணத்தில் 10 லட்சத்துக்குப் புதுக் கார் எடுக்கச் சொல்கிறான் மகன். என் மெக்கானிக்கோ, உதிரிபாகங்கள் இன்னும் சில ஆண்டுகளில் கிடைக்காமல் போய்விடும், இப்போதே 60,000 ரூபாய்க்கு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

அன்புள்ள வாசகருக்கு,

கணக்கைத் தெளிவாக எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். தரக்கட்டுப்பாட்டில் இருந்தவர் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. இரண்டு பேரில் யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். மகன் சொல்வதில் ஒரு பாதியும் மெக்கானிக் சொல்வதில் ஒரு கால்பங்கும் சரி என்பது என் கருத்து. எது எந்தப் பாதி என்பதைச் சொல்வதற்கு முன்னால் உங்கள் வருமானக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

உங்கள் கையில் வரப்போவது மொத்தம் 47 லட்சம். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். 60 வயது நிரம்ப வேண்டும் என்பது பொது விதி என்றாலும், 55 வயதுக்கு மேல் பணி ஓய்வு பெற்றவர்கள், ஓய்வுப் பலன் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள், அந்தப் பலனின் அளவுக்குள் போடுவதற்கு அனுமதி உண்டு. நீங்கள் 58 என்பதால் இந்த மூன்று மாதக் கெடுவை நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்திடமிருந்து ஓய்வுச் சான்றையும், கொடுக்கப்பட்ட தொகைகளைக் குறிப்பிடும் கடிதத்தையும் கடைசி நாளன்றே கேட்டு வாங்கிவிடுங்கள். இதைத் தவறவிட்டால் 60 வயதுவரை காத்திருக்க நேரிடும். 2023 ஏப்ரலில் 8.2 சதவீதமாக உயர்த்தப்பட்ட இதன் வட்டி காலாண்டுதோறும் மறு ஆய்வுக்கு உட்பட்டது என்றாலும், நீங்கள் பணம் போடும் நாளில் என்ன வட்டியோ அதுவே ஐந்தாண்டுக்கும் உங்களுக்கு நிலைத்திருக்கும். 8.2 என்றே கொண்டால் 30 லட்சத்துக்குக் காலாண்டுக்கு 61,500 ரூபாய், அதாவது மாதத்துக்கு 20,500 ரூபாய் வருகிறது. கணக்கை மனைவியோடு கூட்டாகத் தொடங்குங்கள். அவருக்கு இந்த வயது விதி பொருந்தாது, உங்களுக்குப் பின் கணக்கை முதிர்வுவரை அவரே தொடரவும் முடியும்.

இனி பற்றாக்குறையைப் பாருங்கள். செலவு 32,000. ஓய்வூதியம் 4,700, இந்த வட்டி 20,500, ஆக 25,200. மாதம் 6,800 ரூபாய் குறைகிறது. மகன் சொல்லும் 10 லட்சம் ரூபாயை அதே 8.2 சதவீதத்துக்குக் கணக்கிட்டால் மாதம் 6,833 ரூபாய். உங்கள் பற்றாக்குறையும், காரில் போய் முடங்கும் பணத்தின் வட்டியும் ஏறக்குறைய ஒரே எண்ணாக இருப்பது தற்செயல்தான். ஆனால் புதுக் கார் வாங்குவதற்கு என்ன விலை கொடுக்கிறீர்கள் என்பதை இதைவிடத் தெளிவாக என்னால் காட்ட முடியாது. அந்தக் கார் ஷெட்டைவிட்டு வெளியே வராமல் நின்றாலும், உங்கள் வீட்டுச் செலவில் விழும் துண்டை அடைக்க வேண்டிய பணத்தின் மீதுதான் நின்றுகொண்டிருக்கும்.

இன்னும் சற்று விரித்துப் பார்ப்போம். சாலைக்கு வரும் விலை 10 லட்சம் என்றால் ஷோரூம் விலை எட்டரை லட்சம் அளவில் இருக்கும். தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் வரையிலான புதுக் கார்களுக்கு வாழ்நாள் வரி 13 சதவீதம் என்பதால் மீதத்தில் பெரும்பகுதி வரிக்கே போய்விடும். காப்பீட்டு நிறுவனங்கள் பயன்படுத்தும் தேய்மான அட்டவணைப்படி ஐந்தாம் ஆண்டு முடியும்போது காரின் மதிப்பு ஷோரூம் விலையில் பாதியாகிறது. சந்தை விலை இதற்குச் சற்று மேலோ கீழோ இருக்கலாம். கணக்குக்கு இதையே வைத்துக்கொள்வோம். 10 லட்சம் கொடுத்தது 4.25 லட்சமாக நிற்கும்போது 5.75 லட்சம் போயிருக்கும். ஐந்தாண்டில் இழந்த வட்டி 4.10 லட்சம். இரண்டும் சேர்ந்து 9.85 லட்சம். நீங்கள் ஓட்டும் வேகத்தில் ஐந்தாண்டில் 21,000 கிலோமீட்டர்தான் ஓடும். ஒரு கிலோமீட்டருக்கு 47 ரூபாய் ஆகிறது, அதுவும் பெட்ரோல் போடுவதற்கு முன்னால்! வாடகைக் கார் இதைவிட மலிவு. இதற்கு நேராக உங்கள் 800-ஐ வைத்துப் பாருங்கள்: மூன்று ஆண்டில் 46,000 ரூபாய், சராசரி ஆண்டுக்கு 15,300 ரூபாய். அந்தச் செலவு இரட்டிப்பானாலும் ஐந்தாண்டில் ஒன்றரை லட்சத்தைத்தான் தொடும்.

எனவே பணக் கணக்கில் மகன் சொல்வது எடுபடவில்லை. ஆனால் அவர் பணத்தை மட்டும் மனதில் வைத்துச் சொல்லியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். 2004 மாருதி 800-இல் காற்றுப்பை கிடையாது, திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கிடையாது. தகடு மெலிது, எடை குறைவு. ஊருக்குள் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும் காருக்கும், சேலம் நெடுஞ்சாலையில் இரவில் லாரிகளுக்கு நடுவே போகும் காருக்கும் வேண்டிய பாதுகாப்பு ஒன்றல்ல. சரியான பாதி என்று நான் சொன்னது இதைத்தான். இதற்குப் புதுக் கார் ஒன்றே வழி என்பதில்லை. பெங்களூருக்குக் காரில் போவதை நிறுத்திவிடுங்கள்; 2023 டிசம்பர் கடைசியிலிருந்து கோவையிலிருந்து வந்தே பாரத் ரயிலே இருக்கிறது. திருமணம், கோயில் என்று வெளியூர் போகவேண்டி வந்தால் வாடகைக் காரை அமர்த்திக்கொள்ளுங்கள். மாருதியை ஊர் வண்டியாக மட்டும் வைத்திருப்பதாக மகனிடம் வாக்குக் கொடுங்கள். அதற்கு மேலும் அவர் கவலைப்பட்டால், காரை அவரே தன் பெயரில் வாங்கிக் கோவையில் விட்டுவைக்கட்டும். சம்பாதிக்கும் வயதில் இருப்பவர் தேய்மானத்தைத் தாங்குவது, சம்பாத்தியம் நின்றவர் தாங்குவதைவிட எளிது.

இனி மெக்கானிக் சொல்வதற்கு வருகிறேன். இந்த வண்டி இன்னும் எத்தனை ஆண்டு பழுதுபார்க்கக் கூடியதாக இருக்கும் என்பதுதான் உங்கள் கேள்வியின் நடுப்பகுதி. இதை வண்டியின் வயதை வைத்துச் சொல்லிவிட முடியாது. 1983 டிசம்பரில் வந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற மாருதி 800, இந்தியாவில் 25 லட்சத்துக்கும் மேல் விற்ற வண்டி. அதன் 796 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சின் அதோடு நின்றுவிடவில்லை. ஆம்னியில் 2019 வரை ஓடியது, அதே குடும்பத்து எஞ்சின் ஆல்ட்டோ 800-இல் 2023 வரை வந்தது. இத்தனை வண்டிகள் சாலையில் இருக்கும்வரை அவற்றுக்குப் பாகம் செய்து விற்பவர்களும் இருப்பார்கள். எண்ணிக்கை குறைந்த வண்டிக்குத்தான் ஆபத்து. நிறுவனமே நாட்டைவிட்டுப் போன வண்டிக்கு அதைவிட ஆபத்து. மறைமலைநகரில் கார் தயாரித்த ஃபோர்டு 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தபோது, அந்தக் கார்களை வைத்திருந்த என் வாடிக்கையாளர்கள் சிலர் ஒரே வாரத்தில் விற்றுவிடலாமா என்று என்னைக் கேட்டார்கள். அந்த நிலை உங்களுக்கு இல்லை.

ஆனாலும் எல்லாப் பாகமும் ஒரே மாதிரி கிடைத்துக்கொண்டிருக்காது. உங்கள் காரின் பாகங்களை மூன்று வகையாகப் பிரித்துப் பாருங்கள் என்பேன். முதல் வகை, கடையில் எப்போதும் கிடைப்பவை: ஃபில்டர், பிரேக் ஷூ, கிளட்ச் தட்டு, டைமிங் பெல்ட், பேரிங், ஆயில் சீல். பம்ப் தொழிலில் இருந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, பேரிங்குக்குக் காரின் பெயர் தேவையில்லை, எண் போதும். சீலுக்கு உள்விட்டமும் வெளிவிட்டமும் தடிப்பும் தெரிந்தால் போதும். இரண்டாம் வகை, கடையில் கிடைக்காவிட்டாலும் கோவையில் செய்துவிட முடிபவை: புஷ், டிரம் கடைதல், சிலிண்டர் போர் போடுதல், ரேடியேட்டருக்குக் கோர் மாற்றுதல், சைலன்சர். லேத் பட்டறையும் வார்ப்புப் பட்டறையும் இத்தனை இருக்கும் ஊர் தமிழ்நாட்டில் வேறில்லை; பழைய வண்டி வைத்திருப்பவருக்கு இது ஒரு சொத்துதான். மூன்றாம் வகை, கடையிலும் அருகிப்போய், பட்டறையிலும் செய்ய முடியாதவை: எஞ்சினைக் கட்டுப்படுத்தும் இசிஎம், சென்சார்கள், ஒயரிங்கின் கனெக்டர்கள், கதவு பீடிங், டாஷ்போர்டு பிளாஸ்டிக். இவற்றுக்கெல்லாம் மேலாக, வண்டியின் உடல்.

மெக்கானிக் கொடுத்த பட்டியலை நீங்கள் கடிதத்தோடு இணைத்திருந்தீர்கள். அதில் பழைய எஞ்சின் ஒன்று, கியர்பாக்ஸ் ஒன்று, கிளட்ச் செட் இரண்டு, ரப்பர் சாமான்கள், இசிஎம், சென்சார்கள் இருந்தன. எஞ்சினும் கியர்பாக்ஸும் வேண்டாம். அவை மேற்சொன்ன இரண்டாம் வகை, பிரித்துச் சரிசெய்யக் கூடியவை, தேவைப்படும் நாளில் உடைக்கும் வண்டியிலிருந்தும் கிடைக்கும். சென்னை புதுப்பேட்டைக்கு ஒருமுறை போய்வந்தவர்கள் மாருதி எஞ்சினுக்குப் பஞ்சம் என்று சொல்ல மாட்டார்கள். கிளட்ச் முதல் வகை. ரப்பரை வாங்கிச் சேர்ப்பது வீண், ஏனென்றால் ரப்பர் வண்டியில் இருந்தாலும் பெட்டியில் இருந்தாலும் மூப்படைகிறது. பத்து ஆண்டு கழித்து எடுத்தால் வெடித்திருக்கும். பட்டியலில் வாங்கத் தக்கவை இசிஎம்மும் சென்சார்களும்தான். அதையும் உங்கள் வண்டியில் பொருத்தி ஓட்டிப் பார்த்துவிட்டு, பழையதையே திரும்ப மாட்டி, வாங்கியதை ஈரம் படாமல் பொதிந்து வையுங்கள். அவர் குறித்த விலைப்படியே இவை 60,000-இல் நாலில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. கால்பங்கு சரி என்று நான் சொன்னதன் கணக்கு இதுதான்.

பாகம் சேர்ப்பதைப் பற்றி இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம் உண்டு. என் தந்தையார் சென்னையை அடுத்த வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்றை வைத்திருந்தார். கம்பெனி நின்றுபோன பிறகு, எங்கே எது கிடைத்தாலும் வாங்கிப் பரணில் சேர்ப்பது அவர் வழக்கம். அவர் காலமானபின் பரணைக் காலி செய்தபோது, டப்பாவைப் பிரிக்காத பிஸ்டன் செட் மட்டும் மூன்று இருந்தது. கார் பத்து ஆண்டுக்கு முன்பே தரைத்தகடு துருவேறி நின்றுவிட்டிருந்தது. பாகங்கள் எடைக்குத்தான் போயின. அவர் சேர்த்ததெல்லாம் செய்துகொள்ளக் கூடியவை. கெட்டுப்போனது செய்துகொள்ள முடியாத ஒன்று.

ஆகவே உங்கள் கவலையைப் பாகங்களிலிருந்து தகட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாருதி 800-இல் கம்பளத்துக்கு அடியில் தரை, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதி, பேட்டரித் தட்டின் அடி, பானட்டுக்குள், முன் சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் ஸ்ட்ரட் வந்து மாட்டும் மேடை ஆகிய இடங்களில் துரு பிடிக்கும். கோவையில் கடற்காற்று இல்லை என்பதால் சென்னை வண்டியைவிட உங்கள் வண்டி நல்ல நிலையில் இருக்க வாய்ப்பு அதிகம். தரையில் சின்ன ஓட்டை என்றால் டிங்கர் ஒட்டுப் போட்டுவிடுவார். ஸ்ட்ரட் மேடையிலோ கதவடிப் பெட்டியிலோ வெட்டி ஒட்டும் அளவுக்குத் துரு வந்துவிட்டால், எஞ்சின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் அன்றோடு காரை விட்டுவிட வேண்டும். இந்த ஒரு விதியில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இன்னொரு பாகம் உங்கள் பட்டியலில் இல்லை. அதைக் கடையில் வாங்கவும் முடியாது. உங்கள் மெக்கானிக்குக்கு 61 வயது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் ஓய்வு பெறும்போது அவரும் ஓய்வு பெறலாமல்லவா? இருபது ஆண்டாக ஒருவர் கையிலேயே இருந்த வண்டியின் வரலாறு அவர் தலைக்குள்தான் இருக்கும். இப்போதே ஒரு நோட்டுப் போட்டு, மாற்றிய பேரிங்கின் எண், சீலின் அளவு, பிஸ்டன் எந்த ஓவர்சைஸ், பெல்ட் மாற்றிய கிலோமீட்டர், எந்தக் கடையில் எது கிடைத்தது என்பதையெல்லாம் அவரை உட்கார வைத்து எழுதிக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒரு சின்ன வேலையையாவது இளையவர் ஒருவரிடம் கொடுத்துப் பழக்குங்கள்.

பெட்ரோலையும் சொல்லிவிட வேண்டும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிகளின் ரப்பர்க் குழாய்களும் கேஸ்கெட்டுகளும் இதை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால், வாரக்கணக்கில் நின்ற வண்டியின் இரும்பு டாங்கில் துரு பிடிக்க வழியுண்டு. எரிபொருள் குழாய்களை ஒருமுறை எத்தனாலைத் தாங்கும் குழாய்களாக மாற்றிவிட்டு, ஃபில்டரை வழக்கத்தைவிடச் சீக்கிரம் மாற்றி, வாரம் ஒருமுறையாவது எஞ்சின் சூடாகும்வரை ஓட்டுங்கள். ஓய்வுக்குப் பிறகு கார் அடிக்கடி வெளியே போகாது என்பதால் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆர்.எக்ஸுக்கு இது இன்னும் பொருந்தும். நீண்ட நாள் நிறுத்தப்போகிறீர்கள் என்றால் கார்புரேட்டரைக் காலி செய்துவிடுங்கள்.

சட்டப்படி உங்கள் வண்டிகளுக்கு உடனடி ஆபத்து எதுவுமில்லை. 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டி ஓடக்கூடாது என்ற தடை டெல்லிப் பகுதியைப் பற்றியது. தமிழ்நாட்டில் தனியார் வண்டி தகுதிச் சோதனையில் (எஃப்.சி.) தேறினால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்துக்கொள்ளலாம். 2004 வண்டிக்கு அடுத்த புதுப்பிப்பு 2029-இல் வரும். 20 ஆண்டைக் கடந்த கார்களுக்கான புதுப்பிப்புக் கட்டணத்தை மத்திய அரசு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாகவும், பைக்குகளுக்கு 2,000 ரூபாயாகவும் உயர்த்திவிட்டது. பசுமை வரி தனி. இனி வரும் ஆண்டுகளில் இது குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எஃப்.சி. காட்டும் ஆண்டில் பெயின்ட், டயர், டிங்கரிங் எல்லாம் ஒன்றாக வந்து சேரும் என்பதால் 2029-ஐ ஒரு செலவு ஆண்டாகவே எழுதிக்கொள்ளுங்கள். காப்பீட்டில் மூன்றாம் நபர் காப்பீட்டையும் ஓட்டுநருக்கான விபத்துக் காப்பீட்டையும் ஒரு நாள்கூட விடாமல் வைத்திருங்கள். சொந்தச் சேதத்துக்கான காப்பீடு இந்த மதிப்புள்ள வண்டிக்குத் தேவையில்லை.

இப்போது மிச்சமுள்ள 17 லட்சத்தைப் பிரிக்கலாம். ஒன்றரை லட்சத்தை வண்டிக்கென்றே தனி டெபாசிட்டாகப் போடுங்கள். வழக்கமான சர்வீஸ் செலவு மாதச் செலவிலேயே அடங்கிவிடும்; இந்தப் பணம் எஞ்சின் பிரிப்பு, எஃப்.சி. ஆண்டு, திடீர்ப் பழுது ஆகியவற்றுக்கு. இது தீரும் நாளில் மற்ற டெபாசிட்டில் கை வைத்து நிரப்பக் கூடாது. அப்போது காரை விற்றுவிட்டு, தேவையானால் நான்கைந்து ஆண்டு ஓடிய வண்டி ஒன்றைப் பார்க்கலாம். மூன்று லட்சத்தை வங்கியில் மருத்துவ அவசரத்துக்கு வையுங்கள். இந்த இரண்டையும் மூத்த குடிமக்கள் திட்டத்தோடு கலக்கக் கூடாது. அங்கே ஓராண்டுக்குள் எடுத்தால் வட்டியே கிடையாது, இரண்டாண்டுக்குள் எடுத்தால் அசலில் ஒன்றரை சதவீதம் பிடிப்பார்கள். அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் 8 லட்சம் போட்டால், 7.4 சதவீத வட்டியில் மாதம் 4,933 ரூபாய் வரும். அவசர டெபாசிட்டின் வட்டியும் சேர்ந்தால் 6,800 ரூபாய்ப் பற்றாக்குறை அநேகமாக அடைபட்டுவிடுகிறது. மிஞ்சிய சில நூறு ரூபாயைப் பற்றி நான் கவலைப்படவில்லை.

எஞ்சிய நாலரை லட்சத்தைப் பற்றித்தான் கவலைப்படுகிறேன். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் இன்றைய 32,000 ரூபாய்ச் செலவு பன்னிரண்டு ஆண்டில் 64,000 ஆகிவிடும். பிஎஃப் ஓய்வூதியத்துக்கு அகவிலைப்படி கிடையாது, உங்கள் வட்டிகளும் ஏறப்போவதில்லை. நாலரை லட்சத்தைப் பங்கும் கடன் பத்திரமும் கலந்த ஹைபிரிட் ஃபண்டில் போட்டு எழுபது வயதுவரை தொடாமல் இருங்கள் என்று சொல்வேன். அது போதுமா என்றால், போதாது. கோவையில் சிறு பம்ப் தயாரிப்பாளர்களுக்குச் சோதனைப் பிரிவில் அனுபவம் உள்ளவர்கள் தேவைப்பட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். வாரத்துக்கு மூன்று நாள் வேலையாக, மாதம் பத்தாயிரம் ரூபாய் கிடைத்தாலும், முதல் ஐந்தாண்டுக்கு மாத வருமானத் திட்டத்தின் 8 லட்சத்தையும் ஹைபிரிட் பக்கம் வளரவிட முடியும். புதுக் காருக்கு வேண்டாம் என்று நான் காப்பாற்றிவைத்த பணத்துக்கு உண்மையில் விலைவாசியை ஈடுகட்டும் இந்த வேலைதான் காத்திருக்கிறது.

ஓய்வூதியத்தை 60 வயதுவரை தள்ளிவைத்தால் ஆண்டுக்கு 4 சதவீதம் கூடும் என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். கூடுவது மாதம் 376 ரூபாய். இழப்பது இரண்டு ஆண்டு ஓய்வூதியமான 1,12,800 ரூபாய். அதைத் திரும்ப எடுக்கவே 85 வயதாகிவிடும். 58-லேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

கடிதத்தில் கார் எஞ்சினைப் பற்றி ஒரு பக்கம் எழுதிய நீங்கள் மருத்துவக் காப்பீட்டைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. நிறுவனத்தின் குழுக் காப்பீடு ஓய்வோடு நின்றுவிடும். உங்கள் இருவருக்குமான பாலிசியை ஜனவரிக்கு முன்பே, வேலையில் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டு என்பதால், எவ்வளவு முந்தி எடுக்கிறீர்களோ அவ்வளவு முந்தி அது தீரும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை. முதல் ஆண்டுப் பிரீமியத்தைச் சம்பளத்திலேயே கட்டிவிடலாம்.

ஆர்.எக்ஸ். 100-ஐ விற்க வேண்டாம். 1996-இல் உற்பத்தி நின்ற அந்த வண்டிக்கு இன்று கேட்கும் விலையைப் பார்த்து மகனுக்கு ஆசை வந்திருக்கலாம். அப்பா வாங்கியது, இடத்தையும் அடைக்கவில்லை, ஆண்டுக்கான மூன்றாம் நபர் காப்பீடும் ஆயிரம் ரூபாய்க்குள்தான். ஆனால் அதைச் சேமிப்புக் கணக்கில் ஒரு சொத்தாக எழுதாதீர்கள். குரோம் பூசுவது, பழைய ஸ்டிக்கர் தேடுவது போன்ற செலவுகளைப் பகுதிநேர வருமானத்திலிருந்து மட்டும் செய்யுங்கள், ஒன்றரை லட்ச வண்டிப் பணத்திலிருந்து வேண்டாம்.

அடுத்த சர்வீஸின்போது காரை லிஃப்டில் ஏற்றச் சொல்லி, கம்பளத்தை எடுத்துவிட்டு, ஸ்ட்ரட் மேடையையும் கதவடிப் பெட்டியையும் ஸ்க்ரூடிரைவர் பிடியால் நீங்களே தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் மேலே சொன்னபடியே நடக்கலாம். மழுங்கிய சத்தம் வந்தாலோ, தகடு உதிர்ந்தாலோ, பாகம் எதையும் வாங்காமல் எனக்கு மீண்டும் எழுதுங்கள். அந்த ஒன்றரை லட்சத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, நன்றாக ஓடிய பழைய வண்டி ஒன்றுக்கான கணக்கைப் போட்டுத் தருகிறேன்.